கிட் மேல் தப்பில்லை

என் தங்கை புருஷனின் முன்பற்கள் இரண்டை உடைத்தவன் நான்தான். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. இரும்புச் சேக்கிலால் அடித்தேன். கப்பல் கயிற்றையும் சங்கிலியையும் இணைக்கிற வளைந்த இரும்புப் பூட்டுக்குத்தான் சேக்கில் என்று பெயர். உள்ளங்கைக்கு அடக்கமாக இருக்கும், அரைக்கிலோ தேறும். சமாதானமாகப் பேசியிருக்கலாமே என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு ஒரே ஒரு பதில்தான் வைத்திருக்கிறேன். பதினாலு மாதம் சமாதானமாகத்தான் இருந்தேன். நான் செய்த குற்றமே அதுதான்.

என் பெயர் நயினார். தூத்துக்குடியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருஷமாக டெக்னீஷியன். முன்கோபக்காரன் என்று ஊருக்கே தெரியும். பரிசோதனை மருந்துப்பெட்டி விற்கிற கிட் கம்பெனிக்காரன், ஏசி மெக்கானிக், ஐஸ் பெட்டி தூக்கிவரும் பார்சல் ஆபீஸ்காரன் என்று எல்லோரிடமும் சண்டை போட்டவன். சண்டை போட வேண்டிய ஒரே ஆளிடம் மட்டும் மாப்ளே, மாப்ளே என்று குழைந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

அந்த மாப்பிள்ளை செந்தூர்வேல். துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் கயிற்றுக்கடை வைத்திருக்கிறான். நைலான் கயிறு, தார்ப்பாய், கொக்கி, சேக்கில் என்று லாரிக்காரர்களும் விசைப்படகுக்காரர்களும் தேடிவரும் கடை. நல்ல வியாபாரி. யாரிடமும் குரல் உயர்த்திப் பேச மாட்டான். எங்களுக்குச் சொந்த ஊர் கொற்கை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, என்னைவிட எட்டு வயது இளையவளான இந்துமதியை அவனுக்குக் கட்டிக்கொடுத்தது நான். மாப்பிள்ளை பதவிசானவர் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்ததும் நான்தான்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் இந்துமதிக்கு லூபஸ் வந்தது. இரண்டு கன்னத்திலும் மூக்குத்தண்டிலும் சிவப்பாகப் படை பரவியது. முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. விரல் மூட்டு வீங்கி, தலைவாரச் சீப்பைப் பிடிக்க முடியாமல் அழுதாள். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே பகையாளி என்று நினைத்து அடிக்கிறதுதான் இந்த நோய். வீட்டுக்குள் இருக்கிறவனே அடிக்கிற மாதிரி என்று அவளுக்கு நான்தான் விளக்கம் சொன்னேன். எவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறேன்!

இந்த நோய் எந்த நிலைமையில் இருக்கிறது என்று ரத்தத்தில் பார்க்கலாம். நம் டிஎன்ஏவையே எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை அளப்போம். அந்த எண் ஏறினால் நோய் விழித்திருக்கிறது, இறங்கினால் தூங்குகிறது என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். கூடவே சி3, சி4 என்று இரண்டு புரதங்களையும் பார்ப்போம். நோய் சண்டை போடும்போது அவை செலவாகிக் குறைந்துபோகும். ஒரு எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஒருவரின் இன்றைய எண்ணை அவருடைய பழைய எண்ணோடும் அவருடைய உடம்போடும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான் வகுப்பெடுத்திருக்கிறேன்.

அந்த முதல் தடவை அவள் ஆன்டிபாடி அறுநூற்று நாற்பது. நூறுக்குள் இருக்க வேண்டியது. தொண்ணூறுக்கு மேல் இருக்க வேண்டிய சி3 முப்பத்தெட்டு. பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாது, அவளுக்கு இருபத்திரண்டாயிரம். ரத்தம் உறையவைக்கிற அணுக்கள் அவ்வளவு குறைந்தால் லேசாக இடித்தாலே தோலுக்கடியில் ரத்தம் கசிந்து நீலம் பாரிக்கும். கட்டிலில் கை பட்டால் ஒரு திட்டு, பால் பாத்திரத்தைத் தூக்கினால் ஒரு திட்டு. செந்தூர்வேலும் அவன் அம்மா சங்கரம்மாளும் பயந்துபோய்விட்டார்கள். நான் ரொம்பத் தெரிந்தவன் போல வாட்ஸப்பில் மாப்பிள்ளைக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினேன்.

"மாப்ளே, பயப்படாதீய. இந்த நோய்ல தொட்டாலே கன்னிப்போவும். யாரும் அடிச்ச மாதிரியே தெரியும். அக்கம்பக்கத்துல யாரும் கேட்டா நோயின்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னே சொல்லுங்க."

இதுதான் நான் அவன் கையில் கொடுத்த ஆயுதம்.

டாக்டர் தேவபிரசாதம் பார்த்தார். ஸ்டீராய்டு, மற்ற மாத்திரைகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. ஒன்றரை வருஷத்தில் இந்துமதி தேறிவிட்டாள். முடி வளர்ந்தது. முகம் தெளிந்தது. எண் மெல்ல மெல்ல இறங்கி நாற்பதுக்கு வந்தது. சந்தோஷத்தில் அன்றைக்குக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் பேக்கரியில் மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன்.

பதினாலு மாதத்துக்கு முன்னால், அவள் கையில் மறுபடியும் நீலத் திட்டு.

அவள் ரத்தத்தை நான்தான் எடுப்பேன். வேறு யாரையும் தொட விட்டதில்லை. சட்டைத் துணியில் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். அந்த வெக்கையில் எதற்கு முழுக்கை என்று கேட்காமல், கையை மடக்கிவிட்டு நரம்பைத் தேடினேன். முழங்கைக்கு மேலே பட்டை பட்டையாக நீலம். பக்கத்து நாற்காலியில் செந்தூர்வேல் உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், பழையபடி வந்திட்டு போலிருக்கு" என்றான். வருத்தமாகத்தான் சொன்னான்.

அந்த வாரம் தட்டு ஓட்டினேன். இந்த ஆன்டிபாடியை அளக்கிற தட்டில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய சீரம், ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர். வரிசையாக மருந்து விட்டுக் கழுவி முடித்தால் கடைசியில் நிறம் வரும். ஆன்டிபாடி நிறைய இருந்தால் அடர் மஞ்சள், இல்லையென்றால் தண்ணீர் போலக் கிடக்கும். நோயே இல்லாத ஓர் ஆளின் சீரமும் ஒரு குழியில் இருக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. அதற்கு நெகட்டிவ் கன்ட்ரோல் என்று பேர். கம்பெனிக்காரன் ஒன்று கொடுப்பான். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் அதை மட்டும் நம்ப முடியாது என்று, நான் என் ரத்தத்தையே எடுத்துப் பிரித்து உறையவைத்து, அதையும் ஒரு குழியில் விடுவது வழக்கம். ஆக, ஒவ்வொரு தடவையும் அண்ணன் ரத்தமும் தங்கை ரத்தமும் ஒரே தட்டில்தான் இருந்தன.

அன்றைக்கு இரண்டு குழியும் ஒரே மாதிரி நிறமில்லாமல் இருந்தன. அவளுக்கு முப்பத்தெட்டு. சி3 நூற்றுப் பன்னிரண்டு. பிளேட்லெட் இரண்டரை லட்சத்துக்கும் மேல்.

இதைப் பார்த்ததும் எவனுக்கும் ஒரு சந்தேகம் வர வேண்டும். எனக்கும் வந்தது, கிட் மேல். கை முழுக்க நீலமாக இருக்கிறது, எண் முப்பத்தெட்டு என்கிறதே, அப்படியானால் கிட் கெட்டுவிட்டது. உடம்போடு பொருந்தாத ரிசல்ட்டை வெளியே விடக் கூடாது, மறுபடி ஓட்ட வேண்டும். பதினாறு வருஷப் பழக்கம். ஓட்டினேன். நாற்பது வந்தது. கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுக் கிழித்தேன். புது கிட் அனுப்பினான். முப்பத்தாறு. டாக்டரிடம், "கிட்ல பிரச்சினை சார், ரிப்பீட் போட்டிருக்கேன்" என்று சொல்லி, அந்த ரிப்போர்ட்டை மேஜை டிராயரில் வைத்துவிட்டேன்.

அடுத்த மூன்று மாதத்தில் முப்பத்தொன்று. பிறகு இருபத்தொன்பது. பிறகு முப்பத்து நாலு, இருபத்தேழு. ஒருமுறை வேறு பெயர் போட்டு மதுரைக்கு ஐஸ் பெட்டியில் அனுப்பிப் பார்த்தேன். அங்கேயும் முப்பது. மதுரைக்காரனும் இதே கம்பெனி கிட்டைத்தான் வாங்குகிறான் போலிருக்கிறது என்று அவனையும் திட்டினேன். அறிவு கெட்டவனுக்கு அறிவு வேலை செய்கிற விதத்தைப் பாருங்கள். ரத்தம் ஐந்து தடவை உண்மை சொன்னது. ஐந்து தடவையும் அதைப் பிடித்து டிராயருக்குள் போட்டேன்.

டாக்டருக்கும் குழப்பம். பிளேட்லெட் சரியாக இருக்கிறது, ஆனால் நோய் ரத்தக்குழாயையே தாக்கியிருந்தால் இப்படித் தோலில் தெரியலாம், ஆன்டிபாடி ரிப்போர்ட் வந்தால் தெளிவாகிவிடும் என்றார். வரவில்லை. நான்தான் வரவிடவில்லையே. செந்தூர்வேல் தன் செல்போனில் படம் எடுத்துக் கொண்டுபோய் அவருக்குக் காட்டினான். அவள் வாய் திறப்பதற்குள் இவன் முந்திக்கொண்டு சொல்லுவான். ஸ்டீராய்டு கூடிக்கொண்டே போனது. அவள் முகம் வீங்கி உருண்டது, சர்க்கரை ஏறியது. கடைசியில் டாக்டர், இனிமேல் காத்திருக்க முடியாது, வருகிற திங்கட்கிழமை பலமான ஊசி ஒன்று போடலாம் என்றார். புற்றுநோய்க்குக் கொடுக்கிற ரகம். கர்ப்பப்பைப் பக்கம் இருக்கும் சினைமுட்டைகளை அழித்துவிடக்கூடியது. இருபத்தொன்பது வயதுக்காரிக்கு, தூங்குகிற நோய்க்கு.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலையில் இந்துமதி ரத்தம் கொடுக்க வந்தாள். நான் உள்ளே போனில் கம்பெனிக்காரனிடம் கத்திக்கொண்டிருந்தேன். கூட்டம் நெரிந்ததால் சந்தனச்செல்வி அவளை உட்காரவைத்து எடுத்துவிட்டாள். செல்வி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அதிகம் பேசாதவள். பத்து நிமிஷம் கழித்து உள்ளே வந்து, என் கையிலிருந்த போனை வாங்கி அணைத்தாள்.

"ஏளா, என்ன செய்யுத?" என்று சீறினேன்.

"அண்ணாச்சி, உங்க தங்கச்சி கையைப் பாத்தீங்களா?"

"பாத்துட்டுத்தான வாரேன் ஒரு வருசத்துக்கு மேல. அது நோய்."

"நோயில்ல. கயிறு." அவள் குரல் நடுங்கவில்லை. "ரெண்டு கோடா வருது, நடுவுல வெளுப்பு. கோட்டுக்குள்ள சாய்ஞ்சு சாய்ஞ்சு முறுக்கு தெரியுது. ஒவ்வொரு கோடும் முடியுற எடத்துல வட்டமா ஒரு கன்னிப்பு, முடிச்சு பட்ட மாதிரி. எங்க அக்கா முதுகுல இத மாதிரி பாத்திருக்கேன், அவ போய்ச் சேந்துட்டா. நோய்க்கு முடிச்சுப் போடத் தெரியுமா அண்ணாச்சி?"

அவளை ஏதோ சொல்லித் திட்டினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பிறகு டிராயரைத் திறந்தேன். ஐந்து ரிப்போர்ட்டையும் மேஜையில் பரப்பினேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்று, இருபத்தொன்பது, முப்பத்து நாலு, இருபத்தேழு. பக்கத்திலேயே என் எண்ணும் அச்சாகியிருந்தது. இருபத்தைந்து, முப்பது, இருபத்தெட்டு. அவள் ரத்தத்துக்கும் என் ரத்தத்துக்கும் வித்தியாசமே இல்லை. கழுவுதொட்டியில் வாந்தி எடுத்தேன்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கயிற்றுக்கடையில் இருந்தேன்.

செந்தூர்வேல் கயிறு அளந்துகொண்டிருந்தான். விசைப்படகுக்காரர்கள் இரண்டு பேர் நின்றார்கள். "வாங்க மச்சான், ஒரு நிமிசம்" என்று சிரித்தான். மூன்று பிரி நைலான் கயிறு, சுண்டுவிரல் தடிமன். அளந்து அறுத்தான். அறுத்த நுனி பிரிந்துபோகாமல் இருக்க இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டான். அது அவன் பழக்கம். அவன் கடைக் கயிறு எல்லாவற்றிலும் நுனியில் அந்த முடிச்சு இருக்கும். சுவர் ஆணியில் தொங்கிய துண்டுகளிலும் இருந்தது.

"மாப்ளே, இந்து கையில கெடக்கது என்ன?"

"ஏன் மச்சான், தெரியாதமாதிரி கேக்கீங்க?"

"என்னன்னு கேட்டேன்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். படகுக்காரர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. "தொட்டாலே கன்னிப்போவும்னு நீங்கதான சொன்னீங்க. நான் லேசாத்தான் தொட்டேன்."

சேக்கில் என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது. மேஜை மேல் ஒரு குவியல் கிடந்தது. முதல் அடி வாயில் விழுந்தது. பல் உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவன் பின்னால் சாய்ந்து தார்ப்பாய்க் கட்டின் மேல் விழுந்தான். ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினேன். என் விரல் முட்டி அவன் பல்லில் பட்டுக் கிழிந்தது. "ஏலே, ஏலே" என்று படகுக்காரர்கள் இழுத்தார்கள். அந்த இடைவெளியில் அவன் எழுந்து ஆணியிலிருந்து கயிற்றை உருவினான். முதல் வீச்சு தோளில். சட்டையோடு தோல் கிழிந்த மாதிரி எரிந்தது. நான் குனிந்தேன், முதுகில் நாலு, ஐந்து, எண்ணவில்லை. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் அந்த முடிச்சு வந்து எலும்பில் தட்டியது. அவன் வீசிய வீச்சில் கை பழகியிருந்தது. எந்த உயரத்தில் ஓங்கி, எந்த இடத்தில் சுண்டினால் வலிக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அடிபட்டுக்கொண்டே எனக்கு அழுகை வந்தது, வலியால் இல்லை.

அவன் காலைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். கொக்கி மாட்டிய பலகை சரிந்து, ஒரு கொக்கி என் காதைக் கிழித்தது. போலீஸ் வரும்போது இரண்டு பேரும் ரத்தமாக இருந்தோம். கடை புகுந்து அடித்தவன் நான் என்று படகுக்காரர்கள் உண்மையைச் சொன்னார்கள். என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். பல்லைக் காட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் பைக்கை எடுத்தான்.

அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போனான்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. கோபத்தில் கடைக்கு ஓடினேனே தவிர, முதலில் அவளை அந்த வீட்டிலிருந்து கூட்டிவர எனக்குத் தோன்றவில்லை. ஏட்டையாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன், யாரையாவது அனுப்புங்கள் என்று. ஆளை அனுப்பினார்கள். அவர்கள் போவதற்குள் செல்வி போய்விட்டிருந்தாள். என்னை ஜீப்பில் ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக இந்துமதி வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள்.

"நான் போவயில கதவு உள்ள பூட்டிக் கெடக்கு" என்று பிறகு சொன்னாள். "உள்ள அடிக்க சத்தம் கேக்கு. அந்த மாமியாக் கெழவி வாசத் திண்டுல குத்தவச்சு, அவளுக்கு நோவு வந்துட்டு, அதான் கத்துதான்னு சொல்லுதா. நான் தெருவுல நின்னு கத்துன கத்துல பக்கத்து வீட்டு ஆம்பளைய கதவ ஒடச்சாவ. அண்ணாச்சி, அவ மேசைக்கடியில கெடந்தா. அவன் மாத்திரையெல்லாம் கக்கூஸுல கொட்டிட்டு, 'உங்கண்ணன் வந்து எடுத்துத் தருவான்'னு சொல்லிச் சொல்லி அடிச்சிருக்கான்."

இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. கண் ஒன்று திறக்க முடியாமல் வீங்கியிருந்தது. நான் கொடுத்த ஒவ்வொரு குத்துக்கும் பதில் அவள் உடம்பில் இருந்தது. இதை எந்த வக்கீலும் என்னிடம் கேட்கவில்லை. நானே சொல்லுகிறேன்.

மாவுக்கட்டுப் போட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு எல்லோரையும் மகளிர் காவல் நிலையத்தில் உட்காரவைத்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர். செந்தூர்வேல் வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தான். அவன் பேச்சில் இன்னமும் சத்தம் ஏறவில்லை.

"மேடம், அவளுக்கு ஒரு நோய் இருக்கு. தொட்டாலே நீலமாப்போவும். எலும்பும் பலமில்ல, மாத்திரை சாப்பிடுதால்ல. தடுக்கி விழுந்துட்டா. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. இதக் கேளுங்க."

போனை மேஜையில் வைத்து அழுத்தினான். ஐந்து வருஷத்துக்கு முந்தைய என் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. "யாரும் அடிச்ச மாதிரியே தெரியும். அக்கம்பக்கத்துல யாரும் கேட்டா நோயின்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னே சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "இது உங்க குரலா?"

"என் குரல்தான்."

"இதுக்கு என்ன சொல்லுதீங்க?"

இந்துமதி என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதில் அவளுக்கு அக்கறை போய் ரொம்ப நாளாகிவிட்டது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. இனி அவள் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதும் போகாததும் அந்த மேஜையில் என்ன எழுதப்படுகிறது என்பதில் இருந்தது.

"அம்மா, அன்னைக்குச் சொன்னது நெசம்" என்றேன். "அன்னைக்கு அவ பிளேட்லெட் இருபத்திரண்டாயிரம். ஆன்டிபாடி அறுநூத்தி நாப்பது. நோய் உச்சத்துல இருந்துச்சு. இப்ப இருக்கது இது." செல்வி மேஜையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்திருந்த ஐந்து ரிப்போர்ட்டையும் அவர் முன்னால் வைத்தேன். "பதினாலு மாசமா நோய் தூங்குது. ரத்தத்துல ஒண்ணுமே இல்ல. இத நான் டாக்டருக்கு அனுப்பல. கிட்டு தப்புன்னு நெனச்சு மறைச்சு வச்சேன். தேதியெல்லாம் இருக்கு. எம்மேல என்ன நடவடிக்கை வேணாலும் எடுங்க."

டாக்டர் தேவபிரசாதத்துக்கு இன்ஸ்பெக்டரே போன் போட்டார், ஸ்பீக்கரில். எண்களைப் படித்துக் காட்டினார்.

"நயினார், நான் நாலு தடவை கேட்டேனே" என்றார் டாக்டர்.

"கேட்டீங்க சார்."

"திங்கக்கிழமை அந்தப் பொண்ணுக்கு விஷத்தை ஏத்தியிருப்பேன்யா." பிறகு இன்ஸ்பெக்டரிடம் நிதானமாகச் சொன்னார். "இந்த எண்களை வச்சுப் பாத்தா நோய் அடங்கியிருக்கு. ஸ்டீராய்டாலயும் தோல் லேசாகும், நீலம் வரும், இல்லேங்கல. அது திட்டுத்திட்டா வரும். வரிசையா, ஒரே அகலத்துல வராது. நான் படத்தைப் பாத்தேனே ஒழிய, ஆளை மேல்துணி விலக்கிப் பாக்கல. அது என் தப்பு."

செந்தூர்வேல், "டாக்டர் நேர்ல பாக்காம எப்படி" என்று ஆரம்பித்தான்.

நான் எழுந்து சட்டையைக் கழற்றினேன். கொஞ்சம் ஒட்டிப்போயிருந்தது, பிய்த்துத்தான் எடுத்தேன். இன்ஸ்பெக்டருக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"அம்மா, இது மத்தியானம் அவன் கடையில அவன் அடிச்சது. படகுக்காரங்க ரெண்டு பேரு பாத்தாவ. இதையும் பாருங்க, அவ கையையும் பாருங்க. எனக்கு லூபஸ் இல்ல."

செல்வி எழுந்துபோய் இந்துமதியின் வலது கைத்துணியைத் தோள்வரை மெல்ல ஏற்றினாள். பிறகு அவளை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். இரண்டு கோடு, நடுவில் வெளுப்பு, சாய்ந்த முறுக்கு, நுனியில் வட்டம். என் முதுகில் புதுசு, சிவப்பு. அவள் கையில் பச்சை, மஞ்சள், நீலம் என்று பல நாள் வயதுகள். அளவுகோல் வைத்து அளந்தார். படம் எடுக்கச் சொன்னார்.

பிறகு செந்தூர்வேல் பக்கம் திரும்பி, "வாயத் தொற" என்றார். அவன் திறக்கவில்லை. "இவ்வளவு நேரம் நல்லாப் பேசுனியே" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

அவனை ரிமாண்டுக்கு அனுப்பினார்கள். என் மேலும் வழக்குப் போட்டார்கள், அது இன்னும் நடக்கிறது. கூடத்தில் என்னிடமிருந்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற அதிகாரத்தைப் பிடுங்கிச் செல்வியிடம் கொடுத்து, ரிப்போர்ட் எல்லாம் நேராக டாக்டருக்கே போகிற மாதிரி செய்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவைக் கூப்பிட்டு, "இந்து, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"நான் செல்வி வீட்டுக்குப் போறேன்."

"ஏளா, அண்ணன் வீடு இருக்கயில..."

"முத தடவை கையை நீட்டுனப்ப என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?" என்றாள். வீங்கிய கண்ணோடு அன்றைக்கு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "அவரு வெளிய போன் பேச எந்திரிச்சுப் போனாரு. நான் கையை நீட்டி, 'அண்ணே, நல்லாப் பாரு'ன்னேன். நீ, 'தெரியுது, தெரியுது, பிளேட்லெட் பாத்திருவோம்'ன்னு சொல்லி நரம்பத் தட்டுன. அஞ்சு தடவையும் நரம்பத்தான் பாத்த."

நான் நடுரோட்டில் நின்று அழுதேன். அவள் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுக்க வந்தாள். கட்டு பிரித்திருந்தது. அரைக்கை ரவிக்கை. பழக்கதோஷத்தில் ரப்பர் பட்டையை எடுத்துக்கொண்டு போனேன். "செல்வி எடுக்கட்டும்" என்றாள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். செல்வி எடுத்து முடித்ததும், இந்துமதி இரண்டு கையையும் கண்ணாடி முன்னால் தூக்கித் திருப்பித் திருப்பிக் காட்டினாள். முன்பக்கம், பின்பக்கம், தோள்வரைக்கும். ஒரு திட்டு இல்லை. நான் பார்த்து முடிக்கும்வரை இறக்கவில்லை.

தட்டு ஓட்டினேன். அவள் குழி மஞ்சளாக வந்தது. இருநூற்றுப் பத்து. சி3 எழுபத்திரண்டு. மாத்திரையை அவன் கொட்டியது, ஆஸ்பத்திரி, கோர்ட் என்று அலைந்தது, தூங்கிக்கொண்டிருந்தது கண் விழித்துவிட்டது. கையில் ஒரு நீலம் இல்லை, எண் மட்டும் ஏறியிருக்கிறது. கிட் தப்பாக இருக்குமோ, இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாமோ என்று கை தானாகப் பெட்டி பக்கம் போனது. கையை இழுத்துக்கொண்டேன். அடுத்த நிமிஷமே செல்வியிடம் கையெழுத்து வாங்கி டாக்டருக்கு அனுப்பினேன். பிறகு இந்துமதிக்குப் போன் போட்டேன்.

"எவ்வளவு?" என்றாள்.

"இருநூத்திப் பத்து. சி3யும் கொறஞ்சிருக்கு."

"கிட்டு சரியா இருக்கா?"

"சரியா இருக்கு, இந்து."

"அப்ப இது நெசமாவே நோய்தானா?"

"நோய்தான்."

அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பின்னால் செல்வி வீட்டுக் குழந்தைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நோய்தான. அதுக்கு மாத்திரை இருக்குல்லா" என்றாள் என் தங்கை. சிரித்தாள்.